ரயில் போன வழி – 6: பூட்டிய குகை

போன வாரம் டாக்டர் பீச்சிங்கின் அறிக்கையோடு நிறுத்தியிருந்தோம். 1963 மார்ச் 27-இல் வெளிவந்த அந்த அறிக்கை பிரிட்டனில் 2,363 ஸ்டேஷன்களை மூடச் சொன்னது. சுமார் 5,000 மைல் பாதையில் ரயிலை நிறுத்தச் சொன்னது. கத்தி ஓங்கியாயிற்று. அந்தக் காலகட்டத்தில் மூடிய பாதைகளில் ஒன்றைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

1981. இங்கிலாந்தின் டெர்பிஷயரில் பேக்வெல் என்ற சின்ன ஊர். ஊருக்கு வெளியே இருக்கும் பழைய ஸ்டேஷனிலிருந்து ஒருவர் நடக்கத் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்டவாளம் கிடையாது, கட்டைகள் கிடையாது. சல்லி போட்ட அகலமான பாதை மட்டும் இருக்கிறது. பாதை மெல்ல ஏறுகிறது, ஆனால் ஏறுவது காலுக்குத் தெரியவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் சுகமான நடை. பிறகு இரண்டு பக்கமும் கரை உயர்கிறது. எதிரே மலை. மலையடியில் குகையின் வாய்.

வாயில் அடைப்பு. உள்ளே போகக் கூடாது.

வழிகாட்டிப் பலகை பக்கவாட்டில் மேலே கை காட்டுகிறது. மான்சல் ஹெட் என்ற உச்சிக்கு ஏறி, மறுபக்கச் சரிவில் இறங்கினால் பாதை மறுபடி கிடைக்கும். நடக்கிறவர் மூச்சு வாங்கியாவது ஏறிவிடுவார். சைக்கிளில் வந்தவர்? கைவண்டியில் குழந்தையைத் தள்ளி வந்த அம்மா? சக்கர நாற்காலியில் வந்தவர்? வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

ஹெட்ஸ்டோன் என்ற இந்தக் குகையின் நீளம் 487 மீட்டர். ஐந்தாறு நிமிடத்தில் நடந்து கடந்துவிடலாம். அந்த ஐந்தாறு நிமிடத்துக்காக ஜனங்கள் 30 ஆண்டுகள் காத்திருந்தார்கள். அதற்கு அப்பால் இன்னும் மூன்று பெரிய குகைகளும் இப்படியே கிடந்தன.

பாதையைத் திறந்தவர்கள் குகையை ஏன் திறக்கவில்லை? அது புரிய வேண்டுமானால் இந்த வழியை வெட்டியவர்களிடம் போக வேண்டும். அவர்களையும் வழியில் நிறுத்தினார்கள். நிறுத்தியது மலை இல்லை.

இரண்டு பிரபுக்கள்

1849-இல் ஆம்பர்கேட் என்ற ஊரிலிருந்து கிளம்பிய ரயில் ரௌஸ்லி வரை வந்து நின்றது. சுமார் 18 கிலோமீட்டர். கம்பெனியின் பெயர் அதைவிட நீளம்: ‘மான்செஸ்டர், பக்ஸ்டன், மேட்லாக் அண்ட் மிட்லண்ட்ஸ் ஜங்ஷன் ரயில்வே’. மான்செஸ்டரும் பக்ஸ்டனும் பெயரில் இருந்ததோடு சரி. ரயில் அங்கே போகவில்லை. கையில் காசும் இல்லை.

ரௌஸ்லிக்கு மேலே போக இரண்டு பள்ளத்தாக்குகள் உண்டு. டெர்வென்ட் நதியோடு போனால் டெவன்ஷயர் டியூக்கின் சாட்ஸ்வொர்த் பூங்கா. வை நதியோடு போனால் ரட்லண்ட் டியூக்கின் ஹாடன் மாளிகை. எந்தப் பக்கம் போனாலும் ஒரு பிரபுவின் வாசலைத் தாண்டியாக வேண்டும்.

டெவன்ஷயரின் ஆறாம் டியூக் ரயிலுக்கு ஆதரவாகத்தான் இருந்தார். அவருடைய தோட்டத் தலைவர் ஜோசப் பாக்ஸ்டன், லண்டனில் கிரிஸ்டல் பேலஸ் எழுப்பியவர், ரயில் கம்பெனியிலும் டைரக்டர். காரியம் கனிந்து வரும் நேரத்தில், 1858-இல் டியூக் காலமானார். அடுத்து வந்த ஏழாம் டியூக் பூங்கா வழியே ரயில் வேண்டாம் என்றுவிட்டார். ஒரு கதவு மூடியது.

மிச்சம் ரட்லண்ட் டியூக். அவர் முதலில் முரண்டு பிடித்தார், பிறகு இறங்கி வந்தார். நிபந்தனை ஒன்றே ஒன்று: ரயில் போகட்டும், மாளிகையிலிருந்து பார்த்தால் கண்ணில் படக் கூடாது.

இப்படிப் பிறந்தது ஹாடன் குகை. 1,058 கஜம், ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். அதில் பெரும்பகுதி மலையைத் துளைத்ததே இல்லை. பள்ளம் தோண்டி, உள்ளே வளைவு கட்டி, மேலே மண்ணை அள்ளிப்போட்டு மூடினார்கள். பிரபுவின் கண்ணுக்கு ரயிலை மறைக்கப் போட்ட மண் அது. வேலை நடக்கும்போது சரிவு ஏற்பட்டுத் தொழிலாளர்கள் செத்தார்கள்.

இந்த ஹாடன் குகையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் மறுபடி வரும்.

அதைத் தாண்டியதும் பேக்வெல், ஹாசப், ஹெட்ஸ்டோன் என்று வேலை வேகம் பிடித்தது. மேற்பார்த்தவர், இந்தப் பகுதியைக் கட்டிய மிட்லண்ட் ரயில்வே கம்பெனியின் இன்ஜினீயர் டபிள்யூ. எச். பார்லோ. பின்னாளில் லண்டன் செயின்ட் பாங்க்ரஸ் ஸ்டேஷனின் பிரம்மாண்டக் கூரையை அமைத்தவர் இவர்தான். ஹெட்ஸ்டோன் குகையை விட்டு வெளியே வந்ததும் கீழே வை நதி. அதன்மேல் 300 அடி நீளத்துக்கு ஒரு ஐந்து கண் பாலம் கட்டினார்கள். 1863-இல் ரயில் பக்ஸ்டனைத் தொட்டது. சில ஆண்டுகளில் மான்செஸ்டரும் சேர்ந்தது.

கம்பெனிக்காரர்கள் கொண்டாடினார்கள். அந்தப் பாலத்தைப் பார்த்து ஒருவருக்கு மட்டும் வயிறு எரிந்தது.

ஒரு சாபம்

ஜான் ரஸ்கின். அன்றைய இங்கிலாந்தில் கலையைப் பற்றி அவர் சொன்னால் அதுதான் தீர்ப்பு. 1871-இல் ‘ஃபோர்ஸ் கிளாவிகெரா’ என்ற பெயரில் தொழிலாளர்களுக்கு மாதம் ஒரு கடிதம் எழுதத் தொடங்கினார். அந்த ஆண்டே ஒரு கடிதத்தில் இந்த ரயில் பாதையைப் பிடித்துக் கிழித்தார். கிரேக்கத் தேவதைகள் உலவத்தக்க பள்ளத்தாக்கைப் பாறையை வெடித்து, ஆற்றில் கல்லைக் கொட்டிப் பாழாக்கிவிட்டீர்கள், எதற்காக? பக்ஸ்டனில் இருக்கும் முட்டாள் பேக்வெல்லுக்கும், பேக்வெல்லில் இருக்கும் முட்டாள் பக்ஸ்டனுக்கும் சீக்கிரம் போய்ச் சேருவதற்காக. இதுதான் அவர் கோபத்தின் சாரம்.

ரஸ்கினை நமக்கும் தெரியும், வேறொரு ரயிலின் வழியாக. 1904-இல் ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்குக் கிளம்பிய காந்தியை வழியனுப்ப வந்த நண்பர் போலக், ரயிலில் படிக்க ஒரு புத்தகம் கொடுத்தார். ரஸ்கினின் ‘அன்டு திஸ் லாஸ்ட்’. அன்றிரவு காந்திக்குத் தூக்கம் போயிற்று. ஃபீனிக்ஸ் பண்ணை அந்த ரயில் பயணத்தில்தான் உருவானது. பிறகு 1909-இல் ‘ஹிந்த் ஸ்வராஜ்’ எழுதியபோது காந்தியும் ரயிலைத் திட்டித் தீர்த்தார். திட்டிவிட்டு மூன்றாம் வகுப்பில் ஏறி நாடெல்லாம் சுற்றினார்.

சரி, ரஸ்கின் சொன்னது நிஜமா? ரயில் வருவதற்கு முன் அந்தப் பள்ளத்தாக்கில் தேவதைகள்தான் குடியிருந்தார்களா?

ஐந்து கண் பாலத்தைத் தாண்டி ஆற்றோடு மேலே போனால் லிட்டன் பஞ்சாலை வரும். ஆற்று நீரின் விசையில் ஓடிய ஆலை. முதலாளி எல்லிஸ் நீடம். 1800-களின் தொடக்கத்தில் அங்கே ராட்டினம் சுற்றியவர்களில் பலர் அனாதைக் குழந்தைகள். லண்டன் செயின்ட் பாங்க்ரஸ் பேட்டையின் அனாதை விடுதியிலிருந்து அனுப்பப்பட்ட ராபர்ட் பிளின்கோ என்ற பையன் அவர்களில் ஒருவன். முதலில் நாட்டிங்ஹாம் பக்கம் வேறொரு ஆலை, பிறகு இங்கே. அடி, உதை, பட்டினி. பன்றிக்கு வைத்த மாவு உருண்டையைத் திருடித் தின்றார்கள். தப்பிப் பிழைத்து வளர்ந்த பிளின்கோவின் வாழ்க்கை 1828-இல் ஒரு வாரப் பத்திரிகையில் தொடராக வந்தது. படித்தவர்கள் அதிர்ந்தார்கள். குழந்தைத் தொழிலாளர் சட்டத்துக்காகப் போராடியவர்களுக்கு அது ஆயுதமானது.

ரஸ்கின் கண்ட தேவதைகளுக்குக் கீழே இந்தப் பிள்ளைகள் இருந்தார்கள். பிளின்கோவின் தொடர் வந்து நாற்பது ஆண்டுகள் கழித்து, அதே செயின்ட் பாங்க்ரஸில் எழுந்த ஸ்டேஷனிலிருந்து புறப்பட்ட ரயில் அதே லிட்டன் ஆலைக்கு மேலே புகை விட்டபடி போனது.

ரஸ்கின் ‘முட்டாள்கள்’ என்று சொன்னாரே, அவர்கள் யார்? மான்செஸ்டர், டெர்பி, ஷெஃபீல்டு ஊர்களின் ஆலைப் புகையில் ஆறு நாள் மூச்சுவிட்டு, ஏழாம் நாள் ரயிலேறி மலைக்காற்று வாங்க வந்தவர்களும் அதில் சேர்த்தி. கையில் காசில்லாதவனுக்கு மலையைக் காட்டியது ரயில்தான்.

ஆனால் மலையைப் பார்க்கலாம், மிதிக்க முடியாது. மேட்டு நிலமெல்லாம் பிரபுக்களின் வேட்டைக்காடு. 1932 ஏப்ரல் 24 அன்று, இங்கிருந்து வடக்கே கிண்டர் ஸ்கௌட் மலையில் நூற்றுக்கணக்கானோர் தடையை மீறி ஏறினார்கள். தலைமை தாங்கிய பென்னி ராத்மன் இருபது வயது இளைஞர். மான்செஸ்டர் ஸ்டேஷனில் அவரைப் பிடிக்கப் போலீஸ் காத்திருந்தது. ராத்மன் ரயிலில் வரவே இல்லை. சைக்கிளில் வந்துவிட்டார்! அன்று பிடிபட்டவர்களில் ஐந்து பேர் சிறை போனார்கள். 1951-இல் அதே மலைநாடு பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவானது, பெயர் பீக் டிஸ்ட்ரிக்ட்.

நடக்கும் உரிமைக்கு ஒரு இடம் கிடைத்தாயிற்று. அங்கே கொண்டுபோய் விட்ட ரயிலுக்குத்தான் நாள் எண்ணத் தொடங்கினார்கள்.

கடைசி வண்டி

லண்டனிலிருந்து மான்செஸ்டருக்கு இரண்டு பெரிய வழிகள் இருந்தன. யூஸ்டன் ஸ்டேஷன் வழி ஒன்று, இந்த மலை வழி மற்றொன்று. 1960-இல் மலை வழியில் ‘மிட்லண்ட் புல்மன்’ என்ற நீலநிற சொகுசு வண்டியை விட்டார்கள். யூஸ்டன் பாதையில் மின்சார வேலை நடக்கும்வரைக்குமான ஏற்பாடு அது. 1966-இல் மின்சாரம் வந்தது, புல்மன் போனது. இரண்டு வழி எதற்கு என்ற கேள்வி எழுந்தது. முதலில் சிற்றூர் ஸ்டேஷன்கள் மூடின. 1968-இல் மேட்லாக்குக்கு மேலே இந்தப் பள்ளத்தாக்கில் ரயிலே நின்றது.

தண்டவாளத்தைப் பிடுங்கினார்கள். பிளாட்பாரத்திலேயே தபால் ஆபீஸ் வைத்திருந்த மில்லர்ஸ் டேல் ஸ்டேஷன் வெறிச்சோடியது. ரஸ்கின் கேட்ட அமைதி, அவர் கண் மூடி 68 ஆண்டுகள் கழித்துப் பள்ளத்தாக்குக்குத் திரும்பியது.

இனிமேல்தான் ஆபத்து. மூடிய ரயில் பாதைக்கு பிரிட்டனில் அப்போது ஒரு வழக்கமான முடிவு உண்டு. இரும்புப் பாலம் பழைய இரும்புக்குப் போகும். ஸ்டேஷன் யாருக்காவது வீடாகும். நடுவில் கிடக்கும் நிலத்தைப் பக்கத்து விவசாயி வாங்கி வேலி போடுவார். அவரவருக்கு அது நியாயமான வியாபாரம்தான். ஆனால் பத்து மைல் பாதையில் ஒரே ஒரு துண்டு விலைபோனாலும் மிச்சம் பாதையாக இருக்காது, வெறும் நிலமாகிவிடும்.

ஐந்து கண் பாலம் என்ன ஆயிற்று? 1970-இல் அதைப் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் சேர்த்தார்கள். ரஸ்கின் சபித்து சரியாக 99 ஆண்டுகள் ஆகியிருந்தன. பள்ளத்தாக்கைக் கெடுத்தது என்று அவர் சொன்ன பாலமே பள்ளத்தாக்கின் அழகு என்று எழுதி வைத்தார்கள். இன்று மான்சல் ஹெட்டில் நின்று படம் எடுக்கிறவர்கள் அந்தப் பாலம் சட்டத்துக்குள் விழும்படிதான் எடுக்கிறார்கள்.

தேசியப் பூங்காக்காரர்களுக்கு இதில் முன் அனுபவம் இருந்தது. பக்கத்திலேயே ஆஷ்போர்ன் ஊரிலிருந்து கிளம்பிய ரயில் நின்றபோது, அந்த வழியை வாங்கி 1971-இல் டிஸ்ஸிங்டன் டிரெயில் என்ற பெயரில் நடைபாதையாகத் திறந்தார்கள். நாட்டிலேயே முதல் சில முயற்சிகளில் அது ஒன்று. அதில் ஒரு பாடம் கற்றார்கள். மலைநாட்டில் மலையேறாமல் நடக்கக் கிடைத்த ஒரே வழி ரயில் வழிதான்.

காரணம் எளிது. இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் வழுக்கும். செங்குத்தாக ஏற இன்ஜினால் ஆகாது. அதனால் நூறடி போனால் ஓரடி ஏற்றம் என்கிற கணக்கில்தான் பாதை போட்டார்கள். மேடு வந்தால் வெட்டினார்கள், பள்ளம் வந்தால் பாலம் கட்டினார்கள், மலை வந்தால் குடைந்தார்கள். நீராவி இன்ஜினுக்காகப் போட்ட கணக்கு, முட்டி வலிக்கும் பாட்டிக்கும் மூன்று சக்கர சைக்கிள் ஓட்டும் பேரனுக்கும் அப்படியே பொருந்தியது.

12 ஆண்டுகள் அனாதையாகக் கிடந்த வழியை 1980-இல் தேசியப் பூங்கா எடுத்துக்கொண்டது. மறு ஆண்டு மான்சல் டிரெயில் பிறந்தது. குகை மட்டும் திறக்கவில்லை.

குகைக்குள்

பூட்டியதற்குக் காரணம் இருந்தது. நூறு ஆண்டு தாண்டிய கல் வளைவு. மேலே மலையின் பாரம், உள்ளே ஓயாமல் சொட்டும் நீர், ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. ஒரு கல் பெயர்ந்து யார் தலையிலாவது விழுந்தால் பதில் சொல்வது யார்? சோதித்துப் பழுது பார்க்கப் பணம் வேண்டும். பணம் வரவில்லை. குகையைத் தவிர்த்து மலைமேல் சுற்றிப் போகும் ஒற்றையடிப் பாதைகளே கதி. பாதையின் உயிரே சமதளம். அந்த உயிர் போன இடம் குகை வாசல்தான்.

கடைசியில் ‘சைக்கிளிங் இங்கிலாந்து’ என்ற அரசு அமைப்பின் வழியே பணம் வந்தது. 22.5 லட்சம் பவுண்டு. வளைவுகளைச் சரிசெய்து, தரையைச் சமப்படுத்தி, விளக்குப் போட்டார்கள். வேலை முடியும் நேரத்தில் அரசின் சிக்கன நடவடிக்கையில் அந்த அமைப்பையே கலைத்துவிட்டார்கள்! அமைப்பு போனாலும் வேலை நிற்கவில்லை. 2011 மே மாதம் ஹெட்ஸ்டோன், கிரெஸ்புரூக், லிட்டன், சீ டார் ஆகிய நான்கு பெரிய குகைகளும் திறந்தன. பேக்வெல் பக்கமிருந்து பக்ஸ்டன் அருகே வரை எட்டரை மைல், ஒரு இடத்தில்கூட சைக்கிளைத் தூக்க வேண்டாம்.

ஹெட்ஸ்டோனுக்குள் நுழைந்து பாருங்கள். வெளியே நல்ல வெயிலாக இருந்தாலும் பத்தடிக்குள் குளிர் முகத்தில் அடிக்கும். வரிசையாக மங்கலான விளக்குகள். சுவரில் புகையின் கரி இன்னும் போகவில்லை. எங்கோ நீர் சொட்டுகிறது. சுவரில் இடைவெளி விட்டு ஆளுயர மாடங்கள் வருகின்றன. சாமி மாடம் மாதிரி இருக்கும், உள்ளே சாமி இருக்காது. வண்டி வரும் சத்தம் கேட்டால் கேங்மேன்கள் ஓடி ஒண்டிக்கொண்ட இடம் அது. இன்று எதிரே வரும் சைக்கிளுக்கு வழிவிட்டுக் குழந்தைகள் அதில் ஒளிந்து விளையாடுகிறார்கள். தூரத்தில் நாணயம் அளவில் தெரிந்த வெளிச்சம் மெல்லப் பெரிதாகிறது. சட்டென்று குகை முடிகிறது. காலடியில் ஐந்து கண் பாலம், கீழே வை நதி.

ரயிலில் போனவர்களுக்கு இந்தக் காட்சி சில விநாடிகள்தான் கிடைத்தது. நடக்கிறவர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். கிரெஸ்புரூக் குகைக்கும் லிட்டன் குகைக்கும் நடுவே வெளிச்சத்துக்கு வரும்போது, கீழே ஆறு பாறையைச் சுற்றி வளைவது தெரியும். பிளின்கோ பட்டினி கிடந்த இடம் அங்கிருந்து கூப்பிடு தூரம்.

கதை சுபம் என்று போட்டுவிடலாமா? முடியாது.

1975-லிருந்தே ஒரு கூட்டம் இந்தப் பாதையின்மேல் ஒரு கண் வைத்திருக்கிறது. ‘பீக் ரயில்’ என்ற தொண்டர் அமைப்பு மேட்லாக்கிலிருந்து ரௌஸ்லி வரை சுமார் நான்கு மைலுக்குத் தண்டவாளம் போட்டு நீராவி வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறது. அவர்களுடைய பழைய கனவு பக்ஸ்டன் வரை போவது. இன்னொரு குழு கேட்பது இன்னும் பெரியது: மான்செஸ்டர் ரயிலே திரும்ப வேண்டும். தேசியப் பூங்காவின் சாலைகளில் கார்கள் நெரிகின்றன, ரயில் வந்தால் குறையும் என்பது அவர்கள் வாதம். ஜனங்களோடு மலைக்கு முதலில் உறவு போட்டுக்கொடுத்ததே ரயில்தானே என்கிறபோது பதில் சொல்வது கஷ்டம்.

நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் பதறுகிறார்கள். எங்கள் பள்ளத்தாக்கைக் கெடுக்காதீர்கள் என்கிறார்கள். 1871-இல் ரஸ்கின் போட்ட அதே கூக்குரல்! பாதை அதே, குகை அதே. அன்று ரயிலால் பள்ளத்தாக்கைப் பார்க்க வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று ரஸ்கினின் பக்கம் நிற்கிறார்கள்.

இரண்டு தரப்புக்கும் நடுவே ஒரு இடம் இருக்கிறது. மான்சல் டிரெயில் பேக்வெல்லைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் முடிகிறது. பீக் ரயில் ரௌஸ்லியில் முடிகிறது. நடப்பவர்கள் தெற்கே போகவும், ரயில்காரர்கள் வடக்கே வரவும், நடுவே ஒரே வழிதான். அது ஒரு குகை. ஒரு பிரபுவின் கண்ணில் ரயில் படக் கூடாது என்பதற்காக மண் போட்டு மூடிய, ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள ஹாடன் குகை. பக்கத்துக் குகைகள் திறந்து இத்தனை ஆண்டுகள் ஆகியும் அதில் நடப்பவர்களும் போகவில்லை, ரயிலும் போகவில்லை.

அது இன்னும் பூட்டியேதான் கிடக்கிறது.

(அடுத்த வாரம்: அட்லாண்டிக்கைத் தாண்டுகிறோம். அமெரிக்காவின் விஸ்கான்சினில் எல்ராய் – ஸ்பார்ட்டா பாதை. அங்கேயும் குகைகள் உண்டு. ஆனால் ரயில் ஓடிய காலத்திலேயே அவற்றுக்குப் பெரிய கதவுகள் போட்டிருந்தார்கள். வண்டி வரும்போது திறக்க, போனதும் மூட ஒரு காவலாளி. ரயில் குகைக்குக் கதவு எதற்கு?)